பேக்கர் மேஃபீல்ட் கைது: நான்கு வழக்குகளும் நியாயம்தானா?

நார்மன் செந்தில்:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) பார்க்கிறவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

விஷயம் பழையது. 2017 பிப்ரவரி 25, சனிக்கிழமை, அதிகாலை 2 மணிக்கு மேல் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில் நகரத்தில் பேக்கர் மேஃபீல்டைப் போலீஸ் கைது செய்தது. அப்போது அவர் எங்கள் ஊர் ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். வயது 21. அவர்மேல் போட்டது நான்கு வழக்கு: பொது இடத்தில் போதையில் இருந்தது, ஒழுங்கீனமாக நடந்தது, போலீஸிடமிருந்து தப்பி ஓடியது, கைதை எதிர்த்தது.

போலீஸ் சொன்ன கதை இதுதான். ஒருவரை அடித்துவிட்டார்கள் என்று ரோந்து அதிகாரியை நிறுத்திச் சொல்கிறார்கள். அவர் போய்ப் பார்க்கும்போது மேஃபீல்ட் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருக்கிறார். "இரு, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போ" என்கிறார் அதிகாரி. இவர் கேட்காமல் நடக்கிறார். நில் என்றதும் ஓட்டம் பிடிக்கிறார். கொஞ்ச தூரத்திலேயே அதிகாரி துரத்திப் பிடித்துத் தரையில் விழுத்திவிட்டார். ரோந்துக் கார் கேமராவில் பதிவான அந்த வீடியோவை அப்புறம் போலீஸே வெளியிட்டது. ஊரே பார்த்தது.

என் மகன் இப்போது கல்லூரிக்குப் போகும் வயதில் இருக்கிறான். போன வாரம் அந்த வீடியோவைக் காட்டி, "இவர் யாரையும் அடிக்கவில்லையே, வண்டி ஓட்டவில்லையே, குடிக்கிற வயதும் ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கப்பா கைது?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடிதடி வழக்கு அவர்மேல் இல்லை என்பது உண்மை. சாட்சியாக விசாரிக்கப்பட வேண்டிய ஆள் கடைசியில் நான்கு வழக்கோடு சிறைக்குப் போனார் என்றால், அது என் மனதுக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

டல்லாஸ் குமரன்:

செந்தில் அண்ணா, இதில் என்ன குழப்பம்? அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017 ஜூனில் போதை, ஒழுங்கீனம், ஓட்டம் மூன்றுக்கும் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டு சில நூறு டாலர் கட்டினார். கைதை எதிர்த்த வழக்கை மட்டும் கைவிட்டார்கள். தப்பில்லை என்று நினைத்திருந்தால் கோர்ட்டில் நின்றிருக்கலாமே.

அவர் யாரோ தெருவில் போகிற பையனும் இல்லை. உதவித்தொகைகூட இல்லாமல் முதலில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்திலும் அப்புறம் ஒக்லஹோமாவிலும் தானாகப் போய்ச் சேர்ந்து, உழைத்து முதலிடத்துக்கு வந்தவர். அவர் ஆட்டத்துக்காக 5 மணி நேரம் கார் ஓட்டிப் போயிருக்கிறேன். அவ்வளவு பிடிக்கும். அதனாலேயே அன்றைக்குக் கோபம் அதிகம் வந்தது. ஓர் அணியின் முகம் என்று ஆன பிறகு, பக்கத்து மாநிலத்தில், அதிகாலையில், போலீஸ் நில் என்றால் நிற்க வேண்டாமா?

அம்பை வக்கீல்:

குமரன் தம்பி, ஒப்புக்கொண்டதை வைத்து நியாயத்தை அளக்காதீர்கள். நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன். அமெரிக்காவில் கிரிமினல் வழக்கு பெரும்பாலும் விசாரணைக்கே போவதில்லை. 2012இல் மிசௌரி எதிர் ஃப்ரை வழக்கின் தீர்ப்பில் நீதிபதி கென்னடி குறிப்பிட்ட கணக்கு: கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதம், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. பேரம் பேசி முடிக்கிற ஊர் அது.

மேஃபீல்ட் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆகஸ்டில் பயிற்சி, செப்டம்பரில் ஆட்டம், அடுத்த வசந்தத்தில் தொழில்முறை அணிகளின் தேர்வு. இதற்கு நடுவில் சின்ன வழக்கு ஒன்றுக்காக மாதக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்பீர்களா? நாலில் கனமானது கைதை எதிர்த்த வழக்கு. ஆர்கன்சாவில் அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அதைத் தூக்கிவிட்டு மற்ற மூன்றை ஏற்றுக்கொள் என்றால் எந்த வக்கீலும் "சரி என்று சொல்லிவிடு" என்றுதான் சொல்வார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதனால் என்ன ஆயிற்று? அந்த மூன்று வழக்கும் நிற்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. செந்தில் கேட்ட கேள்விக்குக் கோர்ட் பதில் சொல்லவில்லை. அதனால் நாம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் போதை வழக்கு. ஆர்கன்சா சட்டப்படி குடித்திருப்பது மட்டும் குற்றமாகாது. போதை வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அதோடு இரண்டில் ஒன்று சேர வேண்டும். ஒன்று, தனக்கோ பிறருக்கோ பொருளுக்கோ ஆபத்து வரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அல்லது அக்கம்பக்கத்தில் இருப்பவரை நியாயமில்லாமல் தொந்தரவு செய்ய வேண்டும். இரத்தத்தில் இவ்வளவு என்று எந்த எண்ணும் சட்டத்தில் இல்லை. ஊதிப் பார்க்கத் தேவையில்லை. அதிகாரியின் கண்ணும் மூக்கும்தான் அளவுகோல். நான்கில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

டிக்சன் தெருவாசி:

நான் ஃபேயட்வில்லில் இருக்கிறேன். டிக்சன் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. வக்கீல் சார் சட்டத்தைச் சொன்னார், நான் தெருவைச் சொல்கிறேன்.

இங்கே மதுக்கூடங்கள் 2 மணிக்கு மூடும். அந்த நேரம் வந்ததும் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்து, உள்ளே இருந்த பிள்ளைகள் மொத்தமும் நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். கையில் பீட்சா துண்டு, காதில் போன், ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. குளிரில்கூட மெல்லிய சட்டைதான். வாடகைக் கார் வரும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அந்த இருபது நிமிடத்தில் ஒரு பஸ் நிறைய ஆளைக் கொண்டுபோகலாம். போலீஸ் அப்படிச் செய்வதில்லை.

ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வரும்போது பார்த்தேன். ஒரு பையன் ஒரு கால் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு ஷூவைக் காணோம். அதிகாரி குனிந்து, "உன்னை யார் கூட்டிப்போவார்கள்?" என்று கேட்டார். இவன் போனை எடுத்து நீட்டினான், அவ்வளவுதான். அதிகாரியே அந்தப் போனில் யாரையோ அழைத்துப் பேசினார். பத்து நிமிடத்தில் ஒரு பெண் வந்து அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது அவன் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டான், நம் ஊர்க் கும்பிடு மாதிரியே. யாரும் விலங்கு மாட்டவில்லை.

அதனால் சொல்கிறேன், இங்கே குடித்ததற்காகக் கைது ஆவதில்லை. மரியாதையாக நின்றவன் வீட்டுக்குப் போகிறான். கத்தினவனும் ஓடினவனும்தான் மாட்டுகிறார்கள்.

நார்மன் செந்தில்:

நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் சந்தேகம் கூடித்தான் போனது. குடித்தவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அதிகாரிக்கு எரிச்சல் மூட்டியவரை மட்டும் போதை வழக்கில் பிடித்தால், உண்மையில் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை? பணிந்து நிற்காததற்குத்தானே?

அம்பை வக்கீல்:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்தச் சட்டமே "பிறரை நியாயமில்லாமல் தொந்தரவு செய்தால்" என்று நடத்தையைத்தான் பார்க்கிறது. அமைதியாக உட்கார்ந்திருந்த ஷூ பையன் அதில் வரமாட்டான். கெட்ட வார்த்தையில் கத்துகிறவர் வரலாம். விட்டதும் பிடித்ததும் சட்டத்துக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஒரே கத்தலுக்குப் போதை வழக்கும் ஒழுங்கீன வழக்கும் இரண்டும் போட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரே பயணத்துக்கு இரண்டு கட்டணம் வாங்குவது போல.

ஓட்டத்துக்கு வருகிறேன். சாட்சியாக விசாரிக்கப்படுகிறவருக்குப் பதில் சொல்லாமல் போகிற உரிமை பொதுவாக உண்டு. 1983இல் ஃப்ளோரிடா எதிர் ராயர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: போலீஸ் கேள்வி கேட்டால், நிறுத்தி வைக்கக் காரணம் இல்லாதபோது, பதில் சொல்லாமல் தன் வழியே போகலாம். ஆனால் 2000இல் இல்லினாய் எதிர் வார்ட்லோ வழக்கில், போலீஸைப் பார்த்ததும் தலைதெறிக்க ஓடுவதும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம் என்றது. நடப்பது உரிமை, ஓடுவது சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் சில அடி தூரம்தான்.

ஆர்கன்சாவின் ஓட்டச் சட்டம், தன்னைப் பிடிக்கவோ நிறுத்தவோ அதிகாரி முயல்கிறார் என்று தெரிந்தும் ஓடக்கூடாது என்கிறது. அடிதடி என்று புகார் வந்த இடம், குழறுகிற பேச்சு, கத்தல், அப்புறம் "நில்" என்ற கட்டளை. இவ்வளவும் சேர்ந்தால் நிறுத்தக் காரணம் இருந்தது என்றுதான் நீதிபதி சொல்லியிருப்பார். என் கணக்கில் நான்கில் உறுதியாக நிற்கக்கூடியது ஓட்ட வழக்கு. நிற்காதது கைதை எதிர்த்தது. அதற்கு உடல் பலத்தைக் காட்டியிருக்க வேண்டும், காட்டுவேன் என்று மிரட்டியிருக்க வேண்டும் அல்லது யாருக்காவது காயம் வரக்கூடிய வேறு எதையாவது செய்திருக்க வேண்டும். வீடியோவில் நான் பார்த்தது ஓடுகிற ஒருவரையும் விழுகிற ஒருவரையும்தான்.

டல்லாஸ் குமரன்:

சார், இதை ஏற்றுக்கொள்கிறேன். கைதை எதிர்த்தது என்பது கூடுதல்தான். ஆனால் பல்கலைக்கழகம் செய்தது எனக்கு இன்னும் புரியவில்லை. 35 மணி நேரச் சமூகப் பணி, மதுவைப் பற்றி ஒரு வகுப்பு. ஒரு ஆட்டம்கூட உட்கார வைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கான்சாஸ் ஆட்டத்தில் எதிரணிப் பக்கம் பார்த்து ஆபாசமாகச் சைகை காட்டினார். அது தொலைக்காட்சியில் வந்துவிட்டது. உடனே அடுத்த வாரம் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிராகக் கேப்டன் பதவி கிடையாது, முதலில் ஆட இறக்கவும் இல்லை. அவருக்குப் பதில் கைலர் மரே இறங்கி முதல் ஓட்டத்திலேயே 66 கெஜம் ஓடினார். இரண்டே ஆட்ட முயற்சிகளுக்குப் பிறகு மேஃபீல்ட் உள்ளே வந்துவிட்டார்.

நான் அன்றைக்கு அரங்கத்தில் இருந்தேன். அவர் ஓரத்தில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், முந்தைய நாட்களில் அவர் கண் கலங்கிப் பேசியதையும் மறக்க முடியவில்லை. ஆனால் கைதுக்கு வராத தண்டனை ஒரு சைகைக்கு வந்தது. இது என்ன அளவுகோல்?

பழைய கோல்கீப்பர்:

நான் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகையில் படித்தவன், ஹாக்கி. அதனால் இதில் எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது.

விளையாட்டு வீரனுக்கு இரண்டு விதமாக அநியாயம் நடக்கும். ஒன்று, நீ பெரிய ஆள் என்பதால் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, நீ பெரிய ஆள் என்பதால் உன் முகத்தைப் போட்டு ஊருக்கே காட்டுவார்கள். மேஃபீல்டுக்கு இரண்டும் நடந்தது. அன்றிரவு அந்த மாநிலத்தில் போதை வழக்கில் எத்தனையோ பேர் பிடிபட்டிருப்பார்கள். அவர்களுடைய வீடியோவைக் கேட்டு எந்தச் செய்தி நிறுவனமும் போலீஸுக்கு எழுதியிருக்காது. ஆனால் அந்த மற்றவர்களுக்கு வக்கீல் வைக்க வழி இருந்திருக்குமா? வேலையில் இருந்து நிறுத்தாமல் வகுப்பு மட்டும் எடுக்கச் சொன்ன முதலாளி இருந்திருப்பாரா?

இன்னொன்றையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். மேஃபீல்ட் வெள்ளைக்காரர். நள்ளிரவில் போலீஸ் நில் என்று சொல்லியும் ஓடிய ஒரு கறுப்பின இளைஞனாக அவர் இருந்திருந்தால், அந்த வீடியோ தரையில் விழுந்ததோடு முடிந்திருக்குமா? நான் படித்த ஊரில் என்னோடு விளையாடிய நண்பன், கறுப்பினத்தவன், குடிக்கவே மாட்டான். இரவில் நடக்கும்போது போலீஸ் கார் தெரிந்தால் இரண்டு கையையும் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்துக்கொள்வான். பேச்சை நிறுத்தமாட்டான், சிரிப்பை நிறுத்தமாட்டான், கை மட்டும் தானாக வெளியே வரும். அவன் ஓடுவதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. ஓடலாம் என்று தோன்றுவதே ஒரு வசதிதான்.

அம்பை வக்கீல்:

கோல்கீப்பர் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.

போதை வழக்கு யாருக்காக உண்டானது என்று பார்த்தால் இவர் சொல்வது இன்னும் விளங்கும். மேஃபீல்ட் வளர்ந்தது டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். அதே ஆஸ்டினில் லீராய் பவல் என்று ஒருவர் இருந்தார். ஷூ பாலிஷ் போடுகிற வேலை. வாரம் ஏறத்தாழ 12 டாலர் வருமானம், அதில் ஒயின் வாங்கிக் குடித்துவிடுவார். 1949 முதல் பொது இடத்தில் போதை என்று ஏறக்குறைய 100 முறை தண்டிக்கப்பட்டவர். 1966 டிசம்பரில் மறுபடி பிடித்து 20 டாலர் அபராதம் போட்டார்கள். மேல்முறையீடு செய்ததும் அது 50 ஆனது. குடி என் நோய், நோய்க்குத் தண்டனையா என்று அவருடைய வக்கீல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1968இல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள். பவல் குடிநோயாளி என்பதற்காகத் தண்டிக்கப்படவில்லை, அந்த நிலையில் பொது இடத்துக்கு வந்ததற்காகத்தான் என்றார்கள்.

வீடு இருக்கிறவர் வீட்டுக்குள் குடிப்பார். பவல் மாதிரி ஆட்களுக்கு நடைபாதைதான் இடம். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் போதையில் இருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, சிகிச்சைக்குக் கொண்டுபோவது என்று மாற்றின. டெக்சாஸும் ஆர்கன்சாவும் மாற்றவில்லை. மேஃபீல்டுக்கு அந்தச் சட்டம் ஒரு கெட்ட இரவு. பவலுக்கு அது வாழ்க்கை முழுவதும்.

கோவை மீனா அம்மா:

நான் கால்பந்து பார்ப்பதில்லை. மேஃபீல்ட் என்ற பெயரே இன்றுதான் கேள்விப்படுகிறேன். என் மகன் டெக்சாஸில் முதுநிலைப் படிப்பு படிக்கிறான். இந்த இழையை முழுதாகப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது நடந்தால் என்ன ஆகும் வக்கீல் சார்? தப்பு செய்தால் ஃபைன் கட்டலாம். படிப்பே போய்விடுமா?

அம்பை வக்கீல்:

அம்மா, பயப்படாமல் கேளுங்கள், ஆனால் லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் விஷயம் கடுமை. 2015 கடைசியிலிருந்து அமெரிக்க வெளியுறவுத் துறை, 5 ஆண்டுக்குள் அப்படி ஒரு கைது இருந்தாலே, தீர்ப்பு வரும் முன்பே, விசாவை ரத்து செய்யலாம். விசா ரத்தானால் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றில்லை. ஆனால் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகப் புது விசா வாங்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள்.

நடந்துபோகும்போது வருகிற போதை வழக்கு அந்த அளவுக்குக் கனமில்லை. இருந்தாலும் 2025 ஏப்ரலில் நடந்ததை மறக்க முடியாது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்கிப் படிப்பதற்கான அரசுப் பதிவுகளைக் குடிவரவுத் துறை திடீரென்று நிறுத்தியது. சின்ன போக்குவரத்து வழக்கு இருந்தவர்கள், வழக்கு தள்ளுபடியானவர்கள்கூட அதில் இருந்தார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகுதான் மாத முடிவில் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். போலீஸ் பட்டியலில் பெயர் ஏறினாலே போதும் என்ற நிலை அந்தச் சில வாரங்கள் இருந்தது.

அதனால் உங்கள் மகன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேஃபீல்டுக்கு எந்த வக்கீலும் சொல்லியிருக்கக்கூடிய "ஒப்புக்கொண்டு முடித்துவிடு" என்ற யோசனை, அந்நாட்டுக் குடிமகனுக்குச் சரி. மாணவர் விசாவில் இருப்பவர் குடிவரவு வக்கீலைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஃபைன் சின்னது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

டிக்சன் தெருவாசி:

மீனா அக்கா, வக்கீல் சார் சொன்னதோடு இதையும் தம்பியிடம் சொல்லுங்கள். போலீஸ் நிறுத்தினால், "நான் போகலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். போகலாம் என்றால் நடந்து போகலாம். இல்லை என்றால் நின்று, பெயரைச் சொல்லி, மற்றதற்கு வக்கீல் வேண்டும் என்று சொன்னால் போதும். இங்கே என்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். சத்தம் மட்டும் வேண்டாம், ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

டல்லாஸ் குமரன்:

இந்த இழையில் முதலில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒப்புக்கொண்டார், அதனால் நியாயம் என்று எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். ஓட்ட வழக்கு நியாயம். ஒழுங்கீனம் சரி. போதையைத் தனியாக ஒன்றாகப் போட்டிருக்க வேண்டாம். கைதை எதிர்த்தது போட்டிருக்கவே கூடாது. ஆனாலும் அவர்மேல் எனக்கிருந்த வருத்தம் போகவில்லை. 2017 டிசம்பரில் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்குத் தருகிற ஹெய்ஸ்மன் கோப்பையை வாங்கினார், 2018 ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தேர்வில் கிளீவ்லாந்து அணி முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. இரண்டு நாளும் கைதட்டினேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த வீடியோவை ஒளிபரப்பிய நாட்களும் கூடவே நினைவுக்கு வந்தன.

நார்மன் செந்தில்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதையெல்லாம் மகனிடம் படித்துக் காட்டினேன். பவல் கதையில் நிறுத்தி, "அந்த 50 டாலரை அவர் எப்படிக் கட்டினார்?" என்று கேட்டான். வாரம் 12 டாலர் என்று போனில் கணக்குப் போட்டான், நான்கு வாரத்துக்கும் மேல் வந்தது. மேஃபீல்டைப் பற்றி அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

வக்கீல் சார், ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் சில அடி தூரம்தான் என்றீர்களே, அவனுக்கு அதுதான் பிடிபடவில்லை. வேகமாக நடந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறான். நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.